தலாத்தில் இரண்டாம் சாட்சி

சைகோனில் இறங்கிய மறுநாளே தெரிந்துவிட்டது, நான் தேடி வந்த ஆள் அங்கே இல்லை என்று. தலாத்தில் இருக்கிறாராம். தலாத் என்றால் அந்த நாட்டுக்காரர்களுக்கு நம் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி. வெயில் தாங்காத பிரெஞ்சுக்காரன் மலைமேல் கட்டிக்கொண்ட ஊர். புதுசாய்க் கல்யாணமானவர்கள் ஜோடி ஜோடியாய்ப் போகிற இடம். நாற்பது வயதில், பெண்டாட்டி காரைக்காலில் இருக்க, நான் தன்னந்தனியாய் அங்கே போகவேண்டியதாயிற்று.

தேடி வந்த ஆள் என் மச்சான், என் அக்காள் ராத்தாவின் புருஷன் கமாலுத்தீன். துணி வியாபாரத்துக்கென்று கப்பலேறிப் பதினாலு வருஷம். முதல் ஆறு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. போகும்போது ஐந்து வயதாயிருந்த மகள் ஹபீபாவுக்கு இப்போது நிக்காஹ் பேசியிருக்கிறோம். நல்ல இடம். ஆனால் மாப்பிள்ளையின் பாட்டனார் ஒரே பிடியாய் நின்றார். தகப்பன் உயிரோடு இருந்தால் பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் அவர்தான், மாமன் இல்லை. வரமுடியாதென்றால் காஜியாருக்கு வகாலத் கொடுக்கட்டும், அதாவது தன் சார்பில் நிக்காஹ் செய்து வைக்கும் பொறுப்பை. அதை அவர் வாயால் சொல்ல, இரண்டு முஸ்லிம்கள் காதால் கேட்டு வரவேண்டும். காகிதம் மட்டும் வந்தால் போதாது, காகிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். அந்த இடத்தில் நிற்க மச்சானுக்கு அண்ணன் தம்பியும் கிடையாது. வேறு வழியில்லாமல் சர்க்கார் கச்சேரியில் லீவு போட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். கப்பலில் பட்ட பாட்டை எழுதினால் வயிற்றைப் புரட்டும், விடுங்கள்.

சைகோனில் நம்மவர்கள் கட்டிய பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையில் தங்கினேன். நாகூர், காரைக்கால் ஆட்கள் வருவார்கள், தொழுவார்கள், ஸலாம் சொல்வார்கள், கடையைத் திறக்க ஓடிவிடுவார்கள். ஊரில் மழை உண்டா என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்கமாட்டார்கள். ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கறியாணமும் சோறும் அசல் நம்மூர்ப் பக்குவம். ஆனால் பிள்ளைகள் வாப்பாவிடம் வியட்நாமியில்தான் பேசின. என்னைப் பார்த்து "போன்ஷூர்" என்றன. நானும் "போன்ஷூர்" என்றேன். மூன்று நாளில் நான் அதிகம் பேசியது அந்த அறையின் மின்விசிறியோடுதான், அதுவும் அது நின்றபோதெல்லாம் திட்டுவதற்காக.

சாயங்காலங்களில் பென் தான் மார்க்கெட் பக்கம் நடப்பேன். பின்தெருவில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. உள்ளே வியட்நாமியப் பெண்கள் கை நிறைய ஊதுவத்தியை வைத்துக்கொண்டு கண்மூடி நிற்பார்கள். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அந்நிய ஊரில் மாரியம்மனுக்குக்கூட ஆள் கிடைத்துவிட்டது, எனக்குத்தான் பேச ஆள் இல்லை என்று தோன்றியது.

தலாத்துக்குப் போக மூன்று வழி சொன்னார்கள். ஆகாய விமானம், ஒரு மணி நேரத்துக்குள். அது எனக்கல்ல. ரயில், கடலோரமாய் வடக்கே போய், பல்சக்கரம் வைத்த இன்னொரு வண்டியில் மலை ஏறவேண்டும். அழகாய் இருக்கும், ஆனால் உள்நாட்டுச் சண்டையில் தண்டவாளத்தை அடிக்கடி பெயர்த்துவிடுகிறார்கள் என்றார்கள். மூன்றாவது பஸ். விடியக் கிளம்பினால் பிற்பகலில் மலை. சாலையைப் பற்றிக் கேட்டதற்கு, "அல்லாஹ் காப்பான்" என்றார் ஒரு கடைக்காரர். அதைத் தைரியமாய் எடுத்துக்கொள்வதா, பயமாய் எடுத்துக்கொள்வதா என்று புரியவில்லை.

எனக்கு வேண்டியது இரண்டாவது சாட்சி. நான் ஒருவன், கூட இன்னொருவர். மூன்று பேர் வருவதாக வாக்குக் கொடுத்தார்கள். விடிகாலையில் பஸ் நிலையத்தில் ஒருவரும் இல்லை. ஒருவர் ஆளனுப்பியிருந்தார், காய்ச்சலாம். மற்ற இரண்டு பேருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பஸ்ஸை நானே தள்ளிக்கொண்டு போயிருப்பேன். மச்சானையே சைகோனுக்கு இழுத்து வந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் கூரைமேல் கூடை கூடையாய் வாத்துகள். உள்ளே மீன்சாற்று வாடை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு பெரிய துணிமூட்டையைத் தன் மடியில் பாதி, என் மடியில் பாதி வைத்தார். கைலி, வெள்ளைத் தொப்பி. முறைத்தேன். அவர் சிரித்து "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். அதற்குமேல் எப்படி முறைப்பது? பெயர் யூசுப். சாம் இனத்து முஸ்லிம், ஊர் ஊராய்க் கைலி விற்கிறவர். இதைத் தெரிந்துகொள்வதற்குள் தூ டுக் என்கிற ஊர் தாண்டிவிட்டது. ஏனென்றால் அவருக்குத் தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. எனக்கு வியட்நாமியும் தெரியாது, சாம் மொழியும் தெரியாது. மூட்டை மட்டும் மலை வரை என் மடியிலேயே இருந்தது.

ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கிய இடத்தில் பஸ் நின்றது. ராத்திரி யாரோ சாலையைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சிப்பாய்கள் வந்து ஆம்பிளைகளை எல்லாம் இறக்கி மண்வெட்டியைக் கொடுத்தார்கள். காரைக்கால் கச்சேரி குமாஸ்தா அந்நிய நாட்டு நெடுஞ்சாலையில் மண் அள்ளிப் போட்டான் என்று ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? நாலு மணி நேரம். நடுவில் ஒரு கிழவி எல்லாருக்கும் சோற்றுருண்டை கொடுத்தாள். உள்ளே என்ன கறியோ என்று தயங்கினேன். யூசுப் அதைப் பிட்டுப் பார்த்து, மோந்து, தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. இருவரும் வாழைப்பழம் தின்றோம்.

நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் வந்தது. அவர் சூரியனைப் பார்த்து மேற்கைக் குறித்துக்கொண்டு, விற்கிற கைலிகளில் ஒன்றைப் பிரித்து விரித்தார். என்னை முன்னால் நிற்கச் சொன்னார். இரண்டு பேராய்த் தொழுது முடித்தபின் அவர் கையேந்தி ஓதிய துஆ என் வாப்பா ஓதுகிற அதே துஆ. அன்று காலை முதல் என் காதில் விழுந்த சத்தங்களில் ஸலாமை விட்டால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கண் கலங்கிவிட்டது. மண் பட்டது போலத் துடைத்துக்கொண்டேன்.

இருட்டுகிற நேரம் தலாத். பைன் மரங்கள், ஒரு ஏரி, ஏரியைச் சுற்றிப் பிரெஞ்சு மாளிகைகள். கொடைக்கானலைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, ஆட்களை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். குளிர் எலும்பில் ஏறியது. என்னிடம் இருந்தது ராத்தா கொடுத்த சால்வை ஒன்றுதான். ஏரிக்கரையில் ஜோடிகள் தோளோடு தோள் உரசி நடந்தார்கள். போட்டோக்காரன் ஒருவன் ஓடிவந்து என்னைப் பார்த்தான், என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான், திரும்பிப் போய்விட்டான்.

காலையில் மச்சானைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கறுப்பாய் ஒரு இந்தியன் எங்கே என்று கேட்டதும் கையைக் காட்டிவிட்டார்கள். மார்க்கெட் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பளிச் சட்டைக் கடை. வாசலில் ஒரு வியட்நாமியப் பெண் பின்னிக்கொண்டிருந்தாள். உள்ளே அவர், தலை நரைத்து, கழுத்தில் மஃப்ளரோடு. என்னைக் கண்டதும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"ஜெய்னம்பு மவுத்தாப் போயிட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இல்லை, ராத்தா நல்லா இருக்கிறாள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். திட்டவேண்டும் என்று பதினாலு வருஷமாய்ச் சேர்த்து வைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் சிரித்த முகமாய் டீ கொண்டுவந்தாள். நாங்கள் தமிழில் பேசும்போது பேச்சுக்குத் தக்கபடி முகம் பார்த்துத் தலையாட்டினாள். அவளை இங்கே கட்டிக்கொண்டாராம், பிள்ளைகுட்டி இல்லையாம். அப்புறம் என் பையைக் காட்டித் திற என்றாள். திறந்தேன். என் சட்டை, வேட்டி, மாசிக் கருவாட்டுத் துவையல் டப்பா எல்லாவற்றையும் கிளறிவிட்டு, சால்வையை விரலால் தேய்த்துப் பார்த்து, சைகையில் விலை கேட்டாள். இந்த ஊர் விருந்துபசாரம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். மகளுக்கு நிக்காஹ் என்றதும் மச்சான் சந்தோஷப்பட்டார், அதில் கள்ளமில்லை. வகாலத் கொடுக்கிறேன் என்றார். ஆனால் சைகோனுக்கு வரமாட்டேன் என்றார். "அங்க நம்ம ஆளுவ மொகத்துல எப்படி முழிப்பேன் மஜீது? இங்கயே வாங்கிட்டுப் போ." எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை.

மலைமேல் இரண்டாவது முஸ்லிமுக்கு எங்கே போவது? பம்பாய்க்காரர் பட்டுக்கடை ஒன்று உண்டு என்றார்கள், போனேன், பூட்டிக் கிடந்தது. இரண்டு நாள் அலைந்தேன். அந்த இரண்டு நாளில் நான் தின்றது ரொட்டியும், ஸ்ட்ராபெரியும், சர்க்கரை போட்டுப் பிசைந்த வெண்ணெய்ப்பழமும். ருசியெல்லாம் குறையில்லை. எதிரே ஆளில்லாமல் தின்றால் எதுவும் தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான். ஹபீபாவின் கல்யாணம் என்னால்தான் நின்றது என்று ஆகிவிடுமோ என்று ராத்திரி கம்பளிக்குள் விழித்துக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் மார்க்கெட் படிக்கட்டில் யூசுப் கைலி விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் மலைக்கு வந்ததே எனக்கு மறந்துவிட்டிருந்தது. என் புத்தியை என்ன சொல்ல! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "நிக்காஹ், நிக்காஹ்" என்றேன். அந்தச் சொல் அவருக்குப் புரிந்தது. கல்யாணச் சாப்பாடு என்று நினைத்தாரோ என்னவோ, மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மச்சான் என் தோளில் கைவைத்து நின்றார். தமிழில் சொன்னார், தெளிவாக: "என் மகள் ஹபீபாவை நிக்காஹ் செய்து கொடுக்க, காரைக்கால் காஜியாருக்கு நான் வகாலத் கொடுக்கிறேன்." ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான் விட்டிருக்கலாம். ஆனால் கச்சேரியில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவன் புத்தி, விடவில்லை. யூசுப்புக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லையே, புரியாமல் கேட்டவன் எப்படிச் சாட்சி ஆவான்? அவருக்கு வியட்நாமியில் சொல்லுங்கள் என்றேன்.

மச்சான் வாசல் பக்கம் பார்த்தார். அவள் பின்னிக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் நீ தங்குற எடத்துக்கு வந்து சொல்றேனே" என்றார். ஏரிக்கரைக்குப் போவோமே என்றார். கழன்றுகொள்ளப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. பதினாலு வருஷக் கோபம் அப்போதுதான் வந்து தொலைத்தது.

"உங்க சாயங்காலத்தை நம்பித்தான் ராத்தா அங்கே ஒக்காந்திருக்கா. இப்பவே, இங்கேயே சொல்லுங்க," என்றேன்.

அவர் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் யூசுப்பின் பக்கம் திரும்பி வியட்நாமியில் பேசினார். தமிழில் ஒரு மூச்சில் முடிந்தது, அதில் முடியவில்லை. பேசிக்கொண்டே போனார். நடுவில் பேச்சு யூசுப்பை விட்டு வாசலுக்குத் திரும்பிவிட்டது. கையைத் தாழ்த்தி, இடுப்பளவில், ஒரு குழந்தையின் தலையைத் தொடுகிற உயரத்தில் வைத்துக் காட்டினார். அந்தக் கையை எடுக்காமலே வெகுநேரம் பேசினார்.

பின்னல் ஊசிகள் நின்றிருந்தன. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் நூலைச் சுருட்டி மடியிலிருந்து எடுத்துவைத்து, உள்ளே போய்விட்டாள்.

"அவளுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாது," என்றார் மச்சான். "ஊர்ல யாருமில்லன்னு சொல்லியிருந்தேன். உன்னைக்கூடத் துணி விக்க வந்தவன்னுதான் சொன்னேன்."

அவள் என் பையைத் திறக்கச் சொன்னது, சால்வைக்கு விலை கேட்டது எல்லாம் அப்போதுதான் விளங்கிற்று. முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்த நினைத்தேன். யூசுப் குனிந்து காகிதத்தில் தன் பெயரை அரபு எழுத்தில் மெதுவாக எழுதினார். அன்று அந்தக் கடையில் யாரும் டீ குடிக்கவில்லை.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு மச்சான் வரவில்லை. அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு மூட்டை. அதைப் பெஞ்சில் வைத்துப் பிரித்தாள். கம்பளிச் சட்டைகள். ஒன்றை எடுத்துத் தன் உடம்பில் வைத்துப் பிடித்து, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. ஹபீபாவின் அளவு கேட்கிறாள். இவ்வளவு பருமன் இல்லை என்று கையால் காட்டினேன். இன்னொன்று எடுத்தாள். உயரம்? அவள் காதருகே கையை வைத்துக் காட்டினேன். கை நீளம்? என் கையிலேயே அளந்து காட்டினேன். ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு சிவப்புச் சட்டையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள். நான் சால்வையைக் கழற்றி நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இறங்குகிற பஸ்ஸில் யூசுப்பும் வந்தார். மூட்டை இளைத்திருந்தது. மச்சான் என்னதான் சொன்னார், அத்தனை நேரம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரிந்த சைகை எல்லாம் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னார். மனசு வைத்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு மணி நேரம் சொன்னார். சொல்லும்போது ஒரு தடவை கண்ணைத் துடைத்தார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தேன். சைகோனில் இறங்கியதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிக் கூட்டத்தில் மறைந்தார். அந்தப் பயணத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர். கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. மறுபடியும் அந்த அறை, அந்த மின்விசிறி.

ஊரில் காஜியார் காகிதத்தை விரித்து, யூசுப்பின் அரபுக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளையின் பாட்டனார் என்னை நேரே கேட்டார், சாட்சி இரண்டு பேருக்கும் விளங்கும்படி சொன்னாரா என்று. விளங்கும்படிதான் சொன்னார், வேண்டியதற்கு மேலேயே சொன்னார் என்றேன். நிக்காஹ் நல்லபடி முடிந்தது. ஒரு பெண்ணைக் குடிவைக்கப் போய், ஒன்றும் செய்யாத இன்னொரு பெண்ணின் குடித்தனத்தில் கைவைத்துவிட்டேன். மலையிலிருந்து அப்புறம் கடிதம் ஏதும் வரவில்லை. அவர்கள் சேர்ந்திருக்கிறார்களா, பிரிந்துவிட்டார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவளைப் பற்றி நான் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாப்பா கொடுத்தது என்று சொல்லித்தான் சிவப்புச் சட்டையை ஹபீபாவிடம் நீட்டினேன். சித்திரை வெயில். ஓலை விசிறி கையை விட்டு இறங்காத நாள். புதுப்பெண் அதைக் கல்யாணப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்கக் கண்ணாடி முன்னால் நின்றாள். தோள் சரி. கை மணிக்கட்டில் வந்து சரியாய் நின்றது. ராத்தா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளவு எடுத்துத் தச்ச மாதிரி ஈக்கிது மாமா," என்றாள் ஹபீபா. "என்னை அஞ்சு வயசுல பாத்தாஹ. இப்ப நான் இவ்ளோன்னு வாப்பாக்கு எப்படித் தெரியும்?"

காலையில்தான் சபை நடுவே சாட்சி சொன்ன வாய் இது. இடுப்பளவில் நின்ற அந்தக் கை என் கண்ணுக்குள் நின்றது.

"தெரியும்மா," என்றேன். "உன் வாப்பாக்கு எல்லாம் தெரியும்."